கூழாங்கல்லுக்கு அடியில் அழுகிய ஹாவொர்தியா: ஒரு நர்சரி அனுபவம்
வரிக்குதிரைச் செடி என்று விற்கப்படும் ஹாவொர்தியாவை, சென்ற ஆடி மாதம் எங்கள் பகுதி நர்சரி ஒன்றில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். செடியைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கரும்பச்சை இலைகளின் முதுகில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் வெள்ளை முடிச்சுகள் வரிவரியாக, விரலால் தடவினால் சொரசொரப்பாக, அவ்வளவு நேர்த்தியாக இருந்தன. குறையெல்லாம் தொட்டியில்தான். அடியில் துளையில்லாத பீங்கான் தொட்டி, முழுவதும் கோகோபீட் எனும் தேங்காய் நார்த்தூள், அதன்மேல் பசையால் ஒட்டப்பட்ட கூழாங்கற்கள் என்றிருந்ததால், உள்ளே ஈரம் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்கவும் வழியில்லை. போதாக்குறைக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றுமாறு கடைக்காரர் சொல்லியனுப்பினார். மூன்றே வாரத்தில் கீழ் இலைகள் கண்ணாடிபோல் ஊறி, தொட்டதும் கையோடு வந்தன.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் புதர்களின் நிழலில் வளரும் இச்செடி, இலைகளிலேயே நீரைச் சேமித்துக்கொள்வதால், வறட்சியைத் தாங்கும். வேரில் தேங்கும் ஈரத்தைத் தாங்காது. அழுகிய வேர்களை நறுக்கி, நான்கு நாள் நிழலில் உலர்த்தி, ஆற்று மணலும் பெர்லைட் எனும் எடை குறைந்த வெள்ளை எரிமலைக்கல் துகள்களும் பாதிக்குமேல் கலந்த மண்ணில், துளையுள்ள மண்தொட்டியில் நட்டேன். இப்போது கிழக்குச் சன்னலோரம் வைத்து, மண் முழுவதும் காய்ந்த பின்பே நீர் விடுகிறேன். அடைமழைக் காலத்தில் மாதம் ஒருமுறையே போதுமானதாக இருந்தது. அடியில் இரண்டு பக்கக்கன்றுகள் எட்டிப் பார்க்கின்றன. செடிக்காக அந்த நர்சரிக்கு மறுபடியும் போவேன். தொட்டியை வேறு கடையில்தான் வாங்குவேன்.