இரண்டாவது டிகிரிக்குக் கல்விக் கடன்: நான் அலைந்ததும் வாங்கியதும்

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். கடனுக்கு நாலு, அதைக் கொடுத்த கிளைக்கு மூணு, ஆக மூன்றரை. வங்கி பேரைப் போடப் போவதில்லை. தண்டையார்பேட்டை பக்கம் ஒரு பொதுத்துறை வங்கி, அவ்வளவு தெரிந்தால் போதும். வேற வேற வங்கி வாசலில் நின்ற பெண்கள் நாலு பேர் ஏறக்குறைய இதே கதையைத்தான் என்னிடம் சொன்னார்கள்.

பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்தது நர்சிங் போகத்தான். அந்த வருஷம் வீட்டில் கையில் காசில்லை, பாரதி மகளிர் கல்லூரியில் பி.காம் சேர்ந்து 2019-ல் முடித்தேன். அப்புறம் ஒரு தனியார் மருத்துவமனையில் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை. கிளெய்ம் ஃபைலோடு வார்டுக்குப் போனால் சிஸ்டர் ஊசி போடுவதையே பார்த்துக்கொண்டு நிற்பேன், கீழே இருந்து போன் வரும் எங்கே போனாய் என்று. 2023-ல், 25 வயதில், வேலையை விட்டுவிட்டு செங்குன்றம் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி நர்சிங் சேர்ந்தேன். இப்போது மூன்றாம் வருஷம்.

அமெரிக்காவில் ஏற்கெனவே டிகிரி வாங்கியவர்கள் ஒன்று, ஒன்றரை வருஷத்தில் நர்சிங் பட்டம் வாங்கிவிடலாம், அதற்கென்றே தனி கோர்ஸ் இருக்கிறது. என் சித்தி பெண் அந்த வீடியோவை எனக்கு மூன்று தடவை அனுப்பிவிட்டாள். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. பி.காம் இருந்தாலும் பி.எச்டி இருந்தாலும் நாலு வருஷம், எட்டு செமஸ்டர் முழுசாக உட்கார வேண்டும். முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் பேப்பர்கூட மறுபடியும் எழுதினேன்.

சரி, காசுக்கு வருவோம். கட்டணம், புத்தகம், யூனிஃபார்ம், பரீட்சை எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒரு லட்சம். முதலில் சும்மா கிடைக்கிற காசு ஏதாவது உண்டா என்று தேடினேன். இரண்டாவது டிகிரிக்காரர்கள் எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் இதுதான். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டே என்று கேட்டால், முதல் முறையாகக் கல்லூரியில் சேர்கிற படிப்புக்கு மட்டும்தானாம். அந்தத் திட்டத்தை அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் தொடங்கி வைத்ததே எங்கள் பாரதி கல்லூரியில்தான், 2022 செப்டம்பர் 5-ல், நான் படித்து முடித்து மூணு வருஷம் கழித்து. முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது, வீட்டில் முதல் பட்டதாரி நானேதான், அந்தப் பட்டத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டேனே. மத்திய அரசின் வட்டி மானியத்துக்கு வீட்டு வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அது எங்களுக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் மானியம் ஒரு தடவைதான், அதுவும் முதல் இளநிலைப் படிப்புக்கோ முதுநிலைப் படிப்புக்கோ. இரண்டாவது இளநிலை என்றால் அந்தக் கதவும் மூடல். ஆக மிச்சம் இருந்தது கடன் ஒன்றுதான்.

கடன் என்ற அளவில் திட்டம் நிஜமாகவே நல்ல திட்டம், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நாலு லட்சம் வரைக்கும் அடமானம் கேட்கக் கூடாது, நம் பங்காக முன்பணமும் போட வேண்டாம். பெற்றவர் ஒருத்தர் கூடக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை தொடங்கும், கட்டி முடிக்க 15 வருஷம் வரை அவகாசம் உண்டு. வங்கிகள் சங்கம் எல்லா வங்கிகளுக்கும் பொதுவாக வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் மாணவருக்கு வயது வரம்பும் இல்லை. இதை மட்டும் நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கவுன்டரில் முதலில் வருகிற கேள்வியே வயதுதான்.

எனக்கும் வந்தது. கல்விக் கடனுக்கென்றே இருக்கிற வித்யா லட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு, பிரின்ட் எடுத்துக்கொண்டு நானும் நைனாவும் கிளைக்குப் போனோம். கடன் மேசையில் இருந்த அதிகாரி ஃபைலைத் திறக்கவே இல்லை. "ஏம்மா, டிகிரி முடிச்சு நாலு வருஷம் ஆச்சு, வேலைக்கும் போயிட்டே, திரும்ப எதுக்கு இன்னொரு டிகிரி? கல்யாணம் காட்சி பார்க்க வேண்டாமா?" என்றார். நைனா தலையைக் குனிந்துகொண்டு மேசைமேல் சணலில் கட்டியிருந்த பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை தூக்கிய மனுஷன், அந்த நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்து, கல்லூரி செங்குன்றம் பக்கம்தானே, அங்கே இருக்கிற கிளையில் போய்க் கேளுங்கள் என்றார். வீடு இங்கே, கணக்கும் இங்கே. வீடு எங்கள் சேவைப் பகுதிக்குள் இல்லை என்று காரணம் சொல்லிக் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. எங்கள் விஷயத்தில் வீடு அவர்கள் பகுதிக்குள்ளேயே இருக்கிறது, அப்படியும் விரட்டப் பார்த்தார்கள். சுற்றறிக்கையைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு மறுநாள் போய், நிராகரிப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள் சார் என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, உட்காரவும் இல்லை. அன்றைக்குத்தான் ஃபைல் திறந்தது. காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்கிற மூணு வார்த்தைக்கு அந்தக் கிளையில் இருந்த மரியாதை எனக்கு இல்லை.

அப்புறம் பேப்பர் வேலை. இடைப்பட்ட நாலு வருஷம் என்ன செய்தாய் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள், 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன், கூடவே மருத்துவமனை அனுபவச் சான்றிதழ். என் பேரில் ஒரு பழைய போன் தவணை 1,800 ரூபாய் பாக்கி சிபிலில், அதாவது நாம் வாங்கிய கடன்களின் பதிவேட்டில், நின்றது. இரண்டாவது டிகிரிக்கு வருகிறவர்கள் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தவர்கள், இப்படி ஏதாவது ஒரு வால் இருக்கும், விண்ணப்பத்துக்கு முன்னாடியே பார்த்து அடைத்துவிடுங்கள். கல்லூரியில் வாங்குகிற கட்டணக் கடிதத்தில் எங்கள் கிளார்க் டியூஷன் ஃபீஸ் மட்டும் எழுதிக் கொடுத்தார், நானும் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். புத்தகம், யூனிஃபார்ம், பரீட்சைக் கட்டணம், லேப் எல்லாமே கடனில் வரும், ஆனால் கடிதத்தில் இருந்தால்தான் வரும். அதற்காக 30 கிலோமீட்டர் மறுபடி போய் வந்தேன்.

கடைசிக் கட்டத்தில் ஆயுள் காப்பீட்டு பாலிசி ஒன்றை நீட்டினார்கள், வருஷம் 12,000 பிரீமியம், இதைப் போட்டால் மேலிடத்தில் சீக்கிரம் கையெழுத்தாகும் என்று ஒரு சிரிப்பு வேறு. மறுபடியும் அதே மூணு வார்த்தை. பாலிசி மேசைக்குள் போய்விட்டது.

விண்ணப்பம் போட்டு ஏழு வாரத்தில் முதல் தவணை ஒரு லட்சம் நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போனது. இரண்டாம் வருஷம்தான் கழுத்தை அறுத்தது. மதிப்பெண் பட்டியல் கொடுத்தும் ஆறு வாரம் இழுத்தார்கள், கல்லூரியில் நாளுக்கு 50 ரூபாய் அபராதம், அம்மாவின் ஒன்றரைப் பவுன் செயினைச் சேட்டு கடையில் வைத்துக் கட்டினேன். கடன் பணம் வந்ததும் கல்லூரிக்காரர்கள் கூடுதல் தொகையைத் திருப்பித் தர இன்னும் ஒரு மாதம். கடனுக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம் போன இடம் இதுதான்.

வட்டிக் கணக்கை யாரும் உட்கார வைத்துச் சொல்லமாட்டார்கள், நான் பி.காம், சொல்கிறேன். பேச்சுக்குப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷ ஆரம்பத்தில் ஒவ்வொரு லட்சமாக நாலு லட்சம் வாங்கினால், படிப்பும் அதற்கு மேல் ஒரு வருஷமும் முடியும்போது தனி வட்டியே 1,40,000 சேர்ந்திருக்கும். அப்புறம் 5,40,000-க்குத் தவணை போடுவார்கள், பத்து வருஷத்தில் கட்டுவதாக இருந்தால் மாதம் 7,100 சொச்சம். அந்த வட்டியைப் படிக்கும்போதே மாதாமாதம் கட்டிவிட்டால் அசல் நாலு லட்சமாகவே நிற்கும், தவணை 5,300-க்குள் முடிந்துவிடும். என் சீனியர்கள் தனியார் மருத்துவமனையில் முதல் சம்பளமாகக் கையில் வாங்குவது 16,000, 18,000. அதில் இந்த வித்தியாசம் ஒரு மாத மளிகை. படிக்கும் காலத்தில் வட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு சதவீதம் வரை வட்டி குறைக்கவும் மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது, பல வங்கிகள் பெண்களுக்கு அரை சதவீதம் குறைக்கின்றன. இரண்டையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அவர்களாகச் சொல்லமாட்டார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஆபீஸுக்கு கிளெய்ம் ஃபைல் சரிபார்த்துக் கொடுத்து வருகிற காசில் வட்டியைக் கட்டுகிறேன். இப்போது மாதம் 2,500 போகிறது. கிளினிக்கல் போஸ்டிங் இருக்கிற வாரம் ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கவே முடிவதில்லை, அந்த மாதம் தம்பி போடுவான்.

மகளிர் குழுக் கடன், சீட்டு, கல்லூரி வாசலிலேயே நிற்கிற தனியார் ஃபைனான்ஸ் எல்லாவற்றையும் விசாரித்தேன். ஃபைனான்ஸ்காரர்கள் இரண்டே நாளில் தருகிறார்கள், தவணை அடுத்த மாதமே தொடங்குகிறது. சம்பளமே இல்லாத நாலு வருஷத்துக்கு அது எப்படி ஒத்துவரும்? எவ்வளவு இழுத்தடித்தாலும் வங்கிக் கடனுக்கே என் ஓட்டு.

அந்தக் கிளைக்கே போகிறவர்களுக்கு ஒரு விஷயம். இப்போது புது மேனேஜர் வந்திருக்கிறார், ஒரு மேடம், பரவாயில்லை, ஃபைலைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார். கடன் மேசையில் மதியம் மூணு மணிக்கு மேல்தான் ஆள் இருக்கும், காலையில் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காராதீர்கள். ஜெராக்ஸ் இரண்டு செட் கூடவே எடுத்துப் போங்கள், ஒன்றைத் தொலைத்துவிடுவார்கள்.