குள்ள சிக்லிட் ஜோடிகளின் சண்டை: மறைப்பு, துணை மீன், தடுப்பு, இடமாற்றம்

வீட்டுத் தொட்டியில் குள்ள சிக்லிட் (சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய நன்னீர் மீன்) ஜோடி ஒன்றையொன்று துரத்தத் தொடங்கினால், வளர்ப்பவர்கள் பொதுவாக நான்கு வழிகளில் ஒன்றை நாடுகிறார்கள். தொட்டிக்குள் பார்வையை மறைக்கும் கட்டைகளையும் செடிகளையும் கூட்டுவது, மேல்மட்டத்தில் நீந்தும் சிறு மீன்களைத் துணைக்கு விடுவது, நடுவே தடுப்பு வைப்பது, ஒரு மீனை வேறு தொட்டிக்கு மாற்றுவது ஆகியவையே அவை. எந்த இனம், இனப்பெருக்கத்தின் எந்தக் கட்டத்தில் சண்டையிடுகிறது என்று பார்க்காமல் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தால், ஓர் இனத்துக்கு மருந்தாவது இன்னோர் இனத்துக்குக் கேடாக முடியும்.

ஓரினோக்கோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்த ராம் மீனும், நைஜீரியா, கேமரூன் பகுதிகளைச் சேர்ந்த கிரிபென்சிஸும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே குஞ்சுகளைக் காப்பவை. அபிஸ்டோகிராமா (சுருக்கமாக அபிஸ்டோ) இனங்கள் பலவற்றில், குறிப்பாகக் காக்கட்டுவாய்டிஸ், அகாசிசி ஆகியவற்றில், ஓர் ஆணின் பெரிய எல்லைக்குள் பல பெண்களின் சிறு எல்லைகள் அடங்கியிருக்கும். முட்டையிட்ட பெண் தன் குகையைத் தானே காக்கும். உடலில் மஞ்சள் ஏறி, கரும்புள்ளிகள் அழுத்தமாகத் தெரிய, தன்னைவிட மிகப் பெரிய ஆணையும் அது முட்டித் துரத்துவது இயல்பான தாய்மை நடத்தைதான். ஆற்றில் அந்த ஆண் விலகிப் போய்விடும், 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை.

இந்தப் போக்கிடத்தை உண்டாக்குவதால்தான் மறைப்புகளை மற்ற மூன்றுக்கும் முன்னால் வைக்கிறேன். ஒளிவதற்கு இரண்டு மூலைகள் இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. தொட்டியின் ஒரு முனையில் நிற்கும் மீனுக்கு மறுமுனையில் இருப்பது தெரியாதபடி, தரைமட்டத்தில் பார்வைக்கோடு அறுபட வேண்டும். குகை வாயின் உயரத்துக்குக் குனிந்து கண்ணாடி வழியே நோக்கினால், அந்தப் பெண் மீனுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்பது உடனே புரியும். இரண்டு மூன்று குகைகள் வைத்து அவற்றின் வாய்களை வெவ்வேறு திசைகளில் திருப்புவதும், பெண் மட்டுமே நுழையும் அளவுக்கு ஒரு வாயைச் சிறிதாக விடுவதும் மிகுந்த பலன் தருகின்றன. இம்மீன்கள் எல்லை வகுப்பது தரையில் என்பதால், உயரமான தொட்டியைவிட அகன்ற தொட்டி மேலானது. இவ்வழிக்கும் குறை உண்டு: முட்டை இருக்கும்போது கட்டைகளை நகர்த்தினால் காப்பு குலையும், அடர்ந்த செடிகளுக்குள் காயப்பட்ட மீன் கிடப்பது நம் கண்ணில் படாமலும் போகும்.

துணை மீன்களின் பயன் ஜோடியாகக் காக்கும் இனங்களில்தான் முழுமையாகத் தெரிகிறது. விரட்டுவதற்கு வெளியாள் இருக்கும்போது ராம், கிரிபென்சிஸ் ஜோடிகளின் சீற்றம் தமக்குள் திரும்பாமல் வெளியே போகிறது. மேலே சிறு மீன்கள் அமைதியாக நீந்துவதைக் கண்டு பயந்த மீனும் வெளியே வருகிறது. குகையில் தனித்துக் காக்கும் அபிஸ்டோ பெண்ணிடமிருந்து ஆணைக் காப்பாற்ற இது போதாது. தேர்விலும் கவனம் வேண்டும். பென்சில் மீனும் ஹாட்செட் மீனும் பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டியே இருப்பதால் பொருந்தும். ராமுக்கு வேண்டிய 27 முதல் 30 டிகிரி வெப்பத்தில் நியான் டெட்ரா நலிந்துவிடும், கார்டினல் டெட்ரா தாங்கும், ஆனால் அது குஞ்சுகளைத் தின்னக்கூடியது. தரையில் மேயும் கோரிடோராஸை இந்த நோக்கத்துக்காக விடவே கூடாது. அது சிக்லிட்டின் மிரட்டலைப் பொருட்படுத்தாமல் எல்லைக்குள் நுழைவதோடு இருட்டில் முட்டைகளையும் தின்றுவிடும்.

முட்டையிட ஆயத்தமாகாத பெண்ணை ஆண் ஓயாமல் துரத்தும் நிலைக்குத் தடுப்பு ஏற்றது. அப்போதும் கண்ணாடிபோல் தெளிவான தடுப்பைவிட ஒளிபுகாத தடுப்பையே பரிந்துரைப்பேன். தெளிவான தடுப்பின் இருபுறமும் மீன்கள் துடுப்பு விரித்து முறைத்துக்கொண்டே இருப்பதுண்டு. நீர் இரு பக்கமும் ஓடத் துளைகள் தேவை. வடிகட்டியின் ஓட்டமும் ஹீட்டரின் சூடும் ஒரு பக்கத்திலேயே தேங்கிவிடக் கூடாது. பெண்ணின் வயிறு பருத்து, அதுவே ஆணை நோக்கி உடலை வளைத்துக் காட்டும்போது தடுப்பை எடுக்கலாம். தடுப்பை நிரந்தரமாக வைத்திருப்பது பாதித் தொட்டியில் இரு மீன்களை அடைத்து வைப்பதே ஆகும்.

இடமாற்றத்தில்தான் இன வேறுபாடு மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது. அபிஸ்டோ பெண் முட்டை காக்கத் தொடங்கிய பின் ஆணை எடுத்துவிட்டால் ஒன்றும் கெடாது. பெண் தனியே குஞ்சுகளை வளர்க்கும். ராம், கிரிபென்சிஸ் ஜோடியை அதே கட்டத்தில் பிரித்தால் பிணைப்பு அறுந்து, திரும்ப விடும்போது முன்னிலும் கடுமையாகத் தாக்க வாய்ப்புண்டு. ஆயினும், துடுப்புகள் கிழிந்து, மேற்பரப்பின் மூலையில் ஒட்டி நின்று, உணவுக்கும் வராத மீனை, எந்த இனமானாலும், அன்றே எடுத்தாக வேண்டும். பிணைப்பைக் கருதிக் காத்திருந்தால் மீனையே இழக்க நேரும். திரும்பச் சேர்க்கும்போது கட்டைகளின் இடத்தை மாற்றி, அடிபட்ட மீனை முதலில் விட்டு, அது தனக்கென ஓர் இடம் பிடித்த பிறகு மற்றதை விளக்கணைத்து விடுவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் துரத்தல் ஓயாத ராம் ஜோடிகள் பெரும்பாலும் கடையில் ஓர் ஆண், ஒரு பெண் என்று பிடித்துச் சேர்க்கப்பட்டவை. அவற்றை வலிந்து இணைப்பதை விட்டு, இளம் மீன்கள் ஐந்தாறை ஒன்றாக வளர்த்து, தாமாகச் சேரும் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு வேறு இடம் பார்ப்பதே நான் விரும்பும் வழி.