கென்யா போகுமுன்: மலேரியா மாத்திரை மூன்றில் எது?

மசாய் மாராவுக்கு டிக்கெட் போட்ட அன்றே அத்தை கேட்டுவிட்டார்: "நம்மூர்லயும்தான் மலேரியா இருக்கு. அதுக்கு எதுக்குடா முன்கூட்டியே மாத்திரை?"

நியாயமான கேள்விதான். ஆனால் சென்னையில் நாம் பெரும்பாலும் கண்டது விவாக்ஸ் வகை மலேரியா. போர்வைக்குள் நடுங்க வைக்கும், ஆளைச் சாய்க்கும். உயிரை எடுப்பது அரிது. ஆப்பிரிக்காவில் பரவுவது ஃபால்சிபாரம். அது மூளையைத் தாக்கினால் ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். சின்ன வயதில் இங்கே மலேரியா வந்து தேறியவருக்கு அங்கே சலுகை எதுவும் கிடையாது. நம் பாட்டி காலத்து குளோரோகுயினும் அங்கே செல்லாது. அந்தக் கிருமி அதற்கு எப்போதோ பழகிவிட்டது. நிலவேம்புக் கஷாயத்தை நம்பியும் விமானம் ஏற முடியாது.

ஆக, டாக்டர் எழுதிக் கொடுக்கக்கூடியவை மூன்று: டாக்ஸிசைக்ளின், மெஃப்ளோகுயின், மலரோன் என்ற பெயரில் அறியப்படும் அடோவாகுவோன்-ப்ரோகுவானில் கூட்டு மாத்திரை. மூன்றுமே ஒழுங்காகப் போட்டால் நன்றாகக் காக்கும். பலரும் விலையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஊர் திரும்பியபின் எத்தனை நாள் விழுங்க வேண்டும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. கொசு கடித்ததும் கிருமி நேராகக் கல்லீரலுக்குப் போய் ஒரு வாரமோ அதற்கு மேலோ பதுங்கி, பெருகி, அப்புறம்தான் ரத்தத்தில் இறங்குகிறது. டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் ரத்தத்தில் இறங்கியதைத்தான் பிடிக்கும். அதனால் கடைசி இரவில் வாங்கிய கடிக்காக, வீடு திரும்பியும் நான்கு வாரம் காவல் இருக்க வேண்டும். மலரோன் கல்லீரலிலேயே வேலையைக் காட்டுவதால் திரும்பியபின் 7 நாள் போதும்.

பத்து நாள் பயணத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் தினம் ஒன்று: போவதற்கு முன் 2, அங்கே 10, வந்தபின் 28, ஆக 40. மலரோனும் தினம் ஒன்றுதான், ஆனால் 19-இல் முடிந்துவிடும். மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று; இரண்டு வாரம் முன்பே தொடங்கினாலும் மொத்தம் எட்டே மாத்திரை.

எட்டைப் பார்த்ததும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் மெஃப்ளோகுயின் சிலருக்குக் கெட்ட கனவு, பதற்றம், தலைசுற்றல், மனக்குழப்பம் எல்லாம் தரும். 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் விவரக் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையையே சேர்க்கச் சொன்னது. மனச்சோர்வு, வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு இருந்தவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. தாய்லாந்து, கம்போடியா எல்லைக் காடுகளில் அதற்கும் கிருமி பழகிவிட்டது. ஆனால் கர்ப்பிணி ஒருவர் போயே தீர வேண்டும் என்றால் மூன்றில் கைகொடுப்பது இதுதான். உகாண்டாவின் கம்பாலாவில் ஒரு வருட ஒப்பந்த வேலைக்குப் போகிறவருக்கும், ஒத்துக்கொண்டால், தினமும் விழுங்குவதைவிட வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பது எவ்வளவோ மேல். ஒத்துக்கொள்கிறதா என்பது முதல் சில மாத்திரைகளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். முன்கூட்டியே தொடங்கச் சொல்வதில் அந்த வசதியும் உண்டு.

டாக்ஸிசைக்ளினை உங்களுக்கு வேறு வழியில் தெரிந்திருக்கும். வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் கேரளத்தில் கொடுக்கிறார்களே, அதே மருந்து. மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். அதன் குணம் மட்டும் கொஞ்சம் முரட்டுத்தனம். ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். முழு டம்ளர் தண்ணீர் வேண்டும், பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும். ஜெலுசில், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சேராது. வெயிலும் ஆகாது. கூரை திறந்த ஜீப்பில் நாள் முழுக்க நின்று சிங்கம் தேடுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை, தோல் வெந்துவிடும். எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கிடையாது.

மலரோனைப் பற்றிப் புகார் குறைவு. நெய் தோசையோ ஒரு டம்ளர் பாலோ சேர்த்துப் போட்டால் நன்றாக உறிஞ்சும் என்பது நம் நாக்குக்குத் தோதான நிபந்தனை. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. குறை விலைதான். அதோடு நான் ஏறிய நான்கு கடைகளில் ஒன்றிலும் இருப்பு இல்லை. சொல்லி வைத்து வாங்க வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டு முடிவு இது. எனக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல், அதனால் மலரோன். அக்கா மகளுக்கு ஏழு வயது, அவளுக்கும் அதுவே, எடைக்கேற்ற அளவில். தம்பி காசைப் பார்த்து டாக்ஸிசைக்ளின் வாங்கினான். ஊர் வந்து பத்தாம் நாள் "இன்னும் எதுக்கு?" என்று நிறுத்தப் பார்த்தான். மலிவான மருந்தின் உண்மையான விலை அந்த நான்கு வாரம்தான். ஒழுங்காக முடிப்பேன் என்ற நம்பிக்கை இல்லாதவர்கள் கூடுதல் காசு கொடுத்துவிடலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் இப்படித் தேர்வு கிடையாது. கென்யாவிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையம் ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டையைக் கேட்கும், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுளுக்கும் செல்லும். சென்னைக்காரர்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது.

எந்த மாத்திரையும் நூறு சதவீதம் இல்லை. அனாஃபிலிஸ் அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும் கொசு; முழுக்கைச் சட்டையும் வலையும் விரட்டிக் களிம்பும் அதனால்தான். திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்று சொல்லி, அன்றே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். டெங்கு சீசனில் அவருக்கு அது தானாகத் தோன்றாது.