மேசை இல்லாத வீட்டுக்கு வந்த மடிக்கணினி

இந்த மடிக்கணினியை 2020 ஜனவரியில் வாங்கினேன். பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்கு அனுமதி கிடைத்திருந்தது. அம்மா எடுத்த சீட்டுப் பணத்தோடு சித்தப்பா கொழும்பிலிருந்து அனுப்பியதையும் சேர்த்து, கண்டியில் 91,000 ரூபாய் கொடுத்தோம். அதே கடையில் 78,000 ரூபாய்க்கு ஒரு மேசைக்கணினி இருந்தது. திரை, விசைப்பலகை, மின்சாரம் போனால் சற்று நேரம் தாங்கும் யூபிஎஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். வேகமும் அதற்குத்தான் கூடுதல். "அதையே வாங்கு, வீட்டில் இருந்தால் தம்பியும் படிப்பான்" என்றார் சித்தப்பா. அம்மா ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்: "வாங்கலாம், மேசையை எங்கே போடுவது?"

எங்களுடையது மஸ்கெலியா வீதியில் ஒரு தோட்டத்து லயன், தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடு. ஓர் அறை, முன்னால் திண்ணைபோல ஓர் இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி. கட்டிலை வெளியே எடுத்தால்தான் மேசை உள்ளே வரும். ஆக, மடிக்கணினி. சித்தப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

வாங்கியது இன்டெல் கோர் ஐ3, பத்தாம் தலைமுறை, 4 ஜிபி நினைவகம், 15.6 அங்குலத் திரை. வன்தட்டு மட்டும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் பழைய வகை. ஒரு டெராபைட் என்று பெருமையாகச் சொல்லி விற்றார்கள். அந்தக் கொள்ளளவைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன். விண்டோஸ் எழுந்து உட்கார மூன்று நிமிடத்துக்கு மேல் பிடித்தது. அதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம். அடுத்த வருடம் மஹாபொலப் புலமைப்பரிசில் பணத்தைச் சேர்த்து, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி 256 ஜிபியில் ஒன்றும் இன்னொரு 4 ஜிபி நினைவகமும் போட்டேன். இருபது நொடியில் எழுந்தது. இந்த ஆறு வருடத்தில் இதற்காகச் செய்த செலவுகளில் மனம் நோகாமல் கொடுத்தது அது ஒன்றைத்தான்.

பல்கலைக்கழகம் போய் விடுதியில் காலூன்றுவதற்குள் மார்ச் மாதம் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது. வகுப்புகள் சூமுக்கு மாறின. பல்கலைக்கழகங்களின் லேர்ன் வலையமைப்பு வழியாக நுழைந்தால் அப்போது டேட்டாக் கட்டணம் இருக்கவில்லை. ஆனால் கட்டணம் இல்லாத வகுப்புக்கும் சிக்னல் வேண்டும் அல்லவா? லயனுக்குள் ஒரு கோடுகூட வராது. மேல் மலையில் மாடன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது, அங்கே மூன்று கோடு வரும். காலை எட்டு மணிக்கு மடிக்கணினியை உரப்பையில் சுற்றிக்கொண்டு ஏறுவேன். குடை பிடிக்கத் தம்பி கூடவே வருவான். மழை எனக்கு வராமல் பார்த்தானோ இல்லையோ, கணினிக்கு வராமல் பார்த்துக்கொண்டான். கொழுந்து பறிக்கும் அக்காமார் கூடையோடு அந்த வழியாகப் போகும்போது, நான் ஒலிவாங்கியை அணைத்திருக்கிறேனா என்று தெரியாமல் குசுகுசுவென்று பேசிக்கொண்டு போவார்கள். மேசைக்கணினி வாங்கியிருந்தால் அந்த இரண்டு பருவத்தையும் நான் படித்தே இருக்க முடியாது.

அடுத்தது 2022. நாடு முழுவதும் மின்வெட்டு. மார்ச் 31 ஆம் திகதி மட்டும் பதின்மூன்று மணித்தியாலம். அப்போது என் மின்கலத்துக்கு இரண்டு வயது, நான்கு மணித்தியாலம் தாங்கியது. விடுதி அறையில் நான்கு பேரில் மூவரிடம் மடிக்கணினி இருந்தது. எந்த நேரம் மின்சாரம் வரும் என்ற அட்டவணையைக் கதவில் ஒட்டி, வந்தவுடன் சார்ஜ் போடும் முறைக்குச் சண்டையும் போட்டோம். நோர்வூட்டில் மாமா மகன் மேசைக்கணினி வைத்திருக்கிறான். அவனுடைய யூபிஎஸ் பத்து நிமிடம் கொடுக்கும். எழுதியதைச் சேமித்துவிட்டு அணைக்க மட்டும் அது போதும்.

மலையகத்து மின்சாரத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. மாலை ஆறு மணிக்கு லயனில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கேத்தலும் இஸ்திரிப் பெட்டியும் ஓடும்போது குமிழ் விளக்கு மஞ்சளாகிப் படுத்துவிடும். மடிக்கணினியின் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், அது அசரவில்லை. இடி இடிக்கும் சித்திரை மாதப் பின்னேரங்களில் செருகியைப் பிடுங்கிவிட்டு மின்கலத்திலேயே வேலை செய்வேன். மாமா மகனின் கணினி அப்படி ஓர் இடியில் போனது. ஆனால் போனது மின்வழங்கி மட்டுந்தான். 4,500 ரூபாய்க்கு வேறொன்று வாங்கி, நான்கு திருகாணியைக் கழற்றி அவனே மாட்டிக்கொண்டான். அன்று அவன்மேல் எனக்குப் பொறாமைதான்.

ஏனென்றால் என்னுடையதில் எது பழுதானாலும் கண்டிக்குப் போக வேண்டும், முழுப் பெட்டியையும் பிரிக்க வேண்டும். மூன்றாம் வருடம் விசிறி உறுமத் தொடங்கியது. கடையில் திறந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். வெப்பம் வெளியேறும் செப்புத் தகடுகளின் வாயில், ஒட்டடையை அடித்துத் தைத்த துணிபோல ஒரு படலம். அடுப்புப் புகைக் கரி பாதி, சிவப்புக் கம்பளி நூல் பாதி. குளிருக்குக் கம்பளியை மடியில் போட்டு அதன்மேல் கணினியை வைத்து எழுதும் பழக்கத்தின் கணக்கு அது. துடைத்து, வெப்பப் பசை புதிதாகத் தடவ 2,500 ரூபாய். இப்போது கீழே ஒரு பலகை வைத்துக்கொள்கிறேன்.

கீல் உடைந்ததுதான் பெரிய கவலை. 2023 இல் ஒருநாள் காலை மூடியைத் திறந்தபோது "டக்" என்றது. இடப்பக்க மூலை வாய் பிளந்தது. கீலின் திருகாணிகள் பிடித்திருந்தவை, பிளாஸ்டிக்கில் பதித்த குன்றிமணியிலும் சிறிய பித்தளைச் சுரைகள். மூன்றும் தம் குழியோடு பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தன. இரும்பு போன்ற கீலைக் கோப்பை மூடித் தரத்துப் பிளாஸ்டிக்கில் நிறுத்திய மகானை நான் இன்னும் மன்னிக்கவில்லை. திருத்தியவர் மூடியில் துளை போட்டு ஆணி முடுக்கினார். அழகு போனது, ஆனால் அந்த ஆணி அசையவில்லை. ஒரு பக்கத்து மூலையைப் பிடித்துத் திறக்காதீர்கள். நடுவில் பிடித்துத் திறங்கள்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கட்டுரைக்கும் எக்செல்லுக்கும் போதும். புவியியல் சிறப்புப் பட்டத்துக்கு மண்சரிவு பற்றி ஆய்வு செய்தபோதுதான் திணறியது. சரிவுக் கோணங்களைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கணக்கிட நாற்பது நிமிடம் எடுத்தது; ஆய்வுகூட மேசைக்கணினி அதையே கால் மணித்தியாலத்துக்குள் முடித்தது. ஆனாலும் கொஸ்லந்தைப் பக்கம் களத்துக்குப் போனபோது அந்த ஆய்வுகூடம் என்னோடு வரவில்லை, இதுதான் வந்தது. 2014 இல் மண்ணுக்குள் போன மீரியபெத்தையின் சரிவை எதிரில் வைத்துக்கொண்டு வரைபடத்தைத் திருத்தியது வேறு அனுபவம்.

சித்தப்பா சொன்ன நியாயத்துக்கு வருகிறேன். மேசைக்கணினி என்றால் வீட்டுக்குச் சொந்தம், மடிக்கணினி என்றால் தூக்கிப் போகிறவருக்குச் சொந்தம். நான் ஞாயிறு மாலை அட்டனில் பஸ் ஏறியதும் வீட்டில் கணினி என்ற ஒன்று இல்லாமல் போனது. தம்பி உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்தான்; நிரல்களைக் கொப்பியில் பென்சிலால் எழுதி வைத்திருந்து, நான் விடுமுறையில் வரும்போது தட்டிப் பார்ப்பான். அந்தக் கொப்பியைப் பார்த்த நாளிலிருந்து, மடிக்கணினியா மேசைக்கணினியா என்று யாராவது கேட்டால், வீட்டில் வேறு யார் படிக்கிறார்கள் என்று முதலில் கேட்கிறேன். விடுதிக்குப் போகிறவர் என்றால் மடிக்கணினிதான். 14 அங்குலம் போதும், நினைவகம் கூட்டக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டிலிருந்தே போய்வருகிறவருக்கு, இடமும் இருந்தால், என் வாக்கு மேசைக்கணினிக்கு.

மின்கலம் முடிந்துவிட்டது. விண்டோசில் அதற்கான அறிக்கை எடுத்துப் பார்த்தேன்: 41 வாட் மணி கொள்ளவேண்டியது 9 இல் நிற்கிறது. செருகியைப் பிடுங்கினால் பதினைந்து நிமிடத்தில் உறங்கிவிடும். பட்டம் முடித்து வேலைக்குப் போகத் தொடங்கியதும் மடிக்கணினியைத் தம்பியிடம் விட்டேன். போன மாதம் வீட்டுக்குப் போனபோது, இஸ்தோப்பு மூலையில் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் அவனே ஒரு மேசை அடித்து வைத்திருந்தான். ஆணி முடுக்கிய மூடி சுவரில் சாய்ந்திருந்தது, சார்ஜர் வயர் நிரந்தரமாகச் செருகப்பட்டிருந்தது. கொப்பியைக் காணவில்லை.