நீர்வண்ணமா, டேப்லெட்டா: குழந்தைப் புத்தக ஓவியருக்கு எது தாங்கும்?

இந்த அலசல் டேப்லெட் பக்கம் சாய்ந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கம்ப்யூட்டரில் வரைந்தால் உயிர் இருக்காது என்ற பழைய சண்டைக்குள் போகப்போவதில்லை. அச்சாகி வந்த பக்கத்தைப் பார்த்து, அது எதில் வரைந்தது என்று ஓவியர்களாலேயே பல நேரம் சொல்ல முடிவதில்லை. செலவு, கற்றுக்கொள்ளும் காலம் எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல தாளும் நல்ல தூரிகையும் மலிவானவை என்று நினைப்பவர்கள் இன்னும் வாங்கிப் பார்க்காதவர்கள்.

தீர்மானிக்கிற விஷயம் ஒன்றே ஒன்று: திருத்தம்.

படக்கதை என்றால் பெரும்பாலும் 32 பக்கம். ஒரே பெரிய தாளில் அச்சாகும் 16 பக்க ஃபாரமாக மடித்துத் தைப்பதால் வந்த கணக்கு அது. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம் போக 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள் ஓவியருக்கு மிஞ்சும். எல்லாவற்றிலும் அதே சிறுமி, அதே நாய். வேலை குட்டிப் படங்களில் தொடங்கி, பென்சில் ரஃப், ஒரு பக்கத்துக்கு வண்ண மாதிரி, ஃபைனல் என்று போகும். ரஃப் நிலையில் வரும் திருத்தம் யாரையும் கொல்லாது. பென்சிலை அழிப்பதற்கும் லேயரை (டேப்லெட்டில் கண்ணாடித் தாள்போல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வரையும் அடுக்கை) அழிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஃபைனல் கொடுத்த பிறகு வருகிறதே, அதுதான் வினை. வரக்கூடாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வரும்.

ஓர் உதாரணம். சிறுமியின் சிவப்பு கவுன் மஞ்சளாக வேண்டும் என்கிறார் பதிப்பாசிரியர். அந்தக் கவுன் 11 இரட்டைப் பக்கங்களில் இருக்கிறது.

நீர்வண்ணத்தில் இதற்குள்ள வழிகளைப் பார்ப்போம். ஈரத் தூரிகையால் நிறத்தை ஒற்றி எடுக்கலாம். அல்ட்ராமரின் நீலம் ஓரளவு எழும்பி வரும். தாலோ பச்சை, அலிசரின் சிவப்பு மாதிரி கறை பிடிக்கும் நிறங்கள் தாளைவிட்டுப் போகவே போகாது. இரண்டு மூன்று முறை தேய்த்தால் தாளின் மேல்பூச்சு போய்விடும். பிறகு அந்த இடத்தில் வைக்கும் வண்ணம் மையொற்றுத் தாளில் வைத்ததுபோல ஊறிப் பரவும். சிவப்பின் மேல் மஞ்சள் வைத்தால் ஆரஞ்சுதான் வரும், ஏனென்றால் நீர்வண்ணத்தில் அடியில் இருப்பது மேலே தெரிந்தே தீரும். கடைசி வழி, பக்கத்தை முழுதாகத் திரும்ப வரைவது. இரட்டைப் பக்கத்துக்கு இரண்டு நாள் என்று வைத்தாலும் 22 நாள். அதற்குள் பழைய தோல் நிறத்துக்கு எதை எவ்வளவு கலந்தோம் என்பது மறந்திருக்கும். திரும்ப வரைந்த பக்கத்தில் சிறுமி வேறு யாரோபோல் நிற்பாள்.

நடைமுறையில் நீர்வண்ண ஓவியர்கள் கவுனை மட்டும் தனித் தாளில் வரைந்து, ஸ்கேன் செய்து, கணினியில் ஒட்டுகிறார்கள். அதாவது எந்தக் கணினி வேண்டாமென்று ஒதுங்கினார்களோ, கடைசியில் அதனிடமே வந்து நிற்கிறார்கள்.

டேப்லெட்டில் இதே வேலை ஒரு மதியத்தில் முடியும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: லேயர்களை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். கோடு, பாத்திரங்களின் தட்டை நிறம், நிழல், பின்னணி, மேலே போடும் சொரசொரப்பு என்று இந்த ஐந்தையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்கக்கூடாது. பலரும் சேர்த்துவிடுகிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. 25 × 25 செ.மீ. புத்தகத்தின் இரட்டைப் பக்கம், சுற்றிலும் அச்சகம் வெட்டி எடுக்கும் ஓரத்துக்கு 3 மி.மீ. சேர்த்தால், 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 5976 × 3024 பிக்சல். முழுதாக நிரப்பிய ஒரு லேயருக்கே ஏறக்குறைய 72 எம்பி நினைவகம் வேண்டும். 40 லேயர் போனால் 3 ஜிபி-யைத் தொடும். டேப்லெட் 'இனி லேயர் இல்லை' என்றதும் கைக்குக் கிடைத்ததைச் சேர்த்துவிடுகிறார்கள். சேர்ப்பதற்கு முன் ஃபைலை நகல் எடுத்து வைத்தால் தப்பிக்கலாம்.

நிழலிலும் ஒரு பொறி இருக்கிறது. சிவப்புக் கவுனுக்குக் கருஞ்சிவப்பில் நிழல் போட்டிருந்தால், கவுனை மஞ்சளாக்கியதும் அந்த நிழல் காயம் பட்டதுபோல் தெரியும். நிழல் தனி லேயரில் இருந்தால் அதன் நிறத்தையும் நகர்த்திவிடலாம். கையிலும் தரையிலும் தெறித்த சிவப்புச் சாயலைத் தேடித்தேடி எடுப்பதுதான் உண்மையில் நேரம் பிடிக்கும்.

இன்னொரு வகைத் திருத்தம் எழுத்துக்காக வரும். வேறு மொழிப் பதிப்பில் வாக்கியம் நீளும். வானத்தை இன்னும் இரண்டு விரல் உயர்த்தச் சொல்வார்கள். பின்னணி தனி லேயரில் இருந்தால் நீட்டிவிடலாம். எதில் வரைந்தாலும் படத்துக்குள் எழுத்தை எழுதிவிடக்கூடாது. எழுத்து தனியாக, முழுக் கறுப்பில் இருந்தால் மொழி மாறும்போது, நான்கு மைக்கும் தனித்தனியாக உள்ள அச்சுத் தகடுகளில் கறுப்பை மட்டும் அச்சகம் மாற்றும். இருட்டான வானத்தில் வெள்ளை எழுத்து விட்டால் நான்கு தகட்டையும் மாற்ற வேண்டும். பதிப்பாளர் முகம் சுளிப்பார்.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்க நியாயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். திருத்தம் சுலபம் என்று தெரிந்துவிட்டால் அதற்கு முடிவே இருக்காது. நீர்வண்ணக்காரரிடம் கேட்கத் தயங்குவதை டேப்லெட்காரரிடம் நாலு தடவை கேட்பார்கள். ரஃப் நிலையில் இரண்டு சுற்று, ஃபைனலில் ஒரு சுற்று, அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் எண்ணோடு எழுதி வாங்காவிட்டால் டேப்லெட்டின் இந்த லாபமெல்லாம் எதிராளிக்குத்தான் போகும்.

திரை ஏமாற்றுவதும் உண்டு. 400% பெரிதாக்கிக் கண்ணிமை வரைந்தால் அச்சில் அது புள்ளிகூட இல்லை. திரையில் மின்னும் பச்சையும் ஊதாவும் அச்சு மையில் மங்கிப்போகும். வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, அச்சளவிலேயே வைத்து அடிக்கடி பார்ப்பது பாதி ஏமாற்றத்தைக் குறைக்கும். மீதிக்கு அச்சகம் முன்கூட்டி அச்சிட்டுக் காட்டும் ப்ரூஃப்தான் கதி. மடிப்பில் முகத்தை வைக்கக்கூடாது என்ற விதி இரண்டுக்கும் பொது.

நீர்வண்ணத்தின் தொல்லை ஸ்கேனிலும் தொடர்கிறது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத் தாள்கூடப் பெரிய ஈரப்பூச்சில் அலைபாயும். முன்கூட்டி நனைத்து, பலகையில் பசை டேப்பால் ஒட்டி, ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். இல்லையென்றால் ஸ்கேனர் கண்ணாடியில் படியாத இடம் மங்கலாக விழும். பெரிய பக்கத்தை இரண்டாக ஸ்கேன் செய்யும்போது ஒரு பாதியைத் தலைகீழாக வைத்துவிட்டால், தாளின் மேடுபள்ள நிழல் எதிர்ப்பக்கம் சாய்ந்து, ஒட்டிய இடம் கோடாகத் தெரியும். ஸ்கேனரின் தானியங்கி நிறத் திருத்தத்தை அணைக்காவிட்டால் மெல்லிய மேகங்கள் வெள்ளையில் கரைந்துபோகும்.

இருந்தாலும் ஈரத்தில் ஈரம் கலந்து தானாகப் பிறக்கும் மூடுபனியை எந்த டிஜிட்டல் பிரஷும் அப்படியே தருவதில்லை. மூலப்படம் கையில் மிஞ்சுவதும் பெரிய விஷயம். அதை விற்கலாம், காட்சிக்கு வைக்கலாம். விற்பனை ஓவியரின் பெயரைப் பொறுத்தது, அதை வருமானக் கணக்கில் சேர்த்துத் திட்டமிட முடியாது. பாத்திரம் குறைவாக, இயற்கைக் காட்சி அதிகமாக உள்ள கதைக்கு நீர்வண்ணத்தைத் தைரியமாக எடுக்கலாம். கோவாஷ் (அடிநிறம் தெரியாத கெட்டி நீர்வண்ணம்), கோலாஜ் (தாள்களை வெட்டி ஒட்டும் படம்) பற்றி இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். கோவாஷ் மேலே பூசி மறைக்க இடம் கொடுக்கும், அந்தக் கணக்கே வேறு.

பலர் போய்ச் சேரும் நடுவழி ஒன்று இருக்கிறது. கோட்டைத் தாளில் பென்சிலால் போட்டு 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்கிறார்கள். வெறும் நீர்வண்ணக் கறைகளைத் தனித் தாள்களில் விட்டு அவற்றையும் ஸ்கேன் செய்து, டேப்லெட்டில் நிறத்தின் மேல் படியவிடுகிறார்கள். இருபது முப்பது கறைகள் இருந்தால் ஒரு புத்தகம் தாங்கும். ஒரே கறையை அடுத்தடுத்த பக்கத்தில் வைத்தால் பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள். தினமும் அதே புத்தகத்தைப் படிக்கச் சொல்லும் நாலு வயசுக் குழந்தை விரல் வைத்துக் காட்டிவிடும்.