வெண்கண்டலா, சுரபுன்னையா? உப்பேறிய சதுப்பில் எதை நடுவது

பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும் சதுப்பில் நடவுக்கு இறங்குவோர் தடுமாறுவது இந்த இரண்டு அலையாத்தி மரங்களுக்கும் நடுவில்தான். முடிவு செய்வது உப்பு. ஓர் அடி ஆழம் தோண்டி, ஊறும் நீரில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். கடல்நீர் சுமார் 35, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்பு, காட்டும்.

உப்பு
வெண்கண்டல்: 50 ஆனாலும் குட்டையாகவேனும் நிற்கும். இலைச் சுரப்பி வழியே உப்பைத் தள்ளும். வெயிலில் இலைமேல் வெள்ளைப் பொடியாகத் தெரியும்.
சுரபுன்னை: வேரிலேயே வடிகட்டும். அன்றாடம் ஓதம் ஏறி இறங்கும் ஓடைக்கரைதான் அதற்கு இடம்.

நடவு
வெண்கண்டல்: விதை மிதந்து ஓடிவிடும். பையில் சில மாதம் வளர்த்து நடவேண்டும். ஆடு, மாடு விடாது. வேலிச் செலவு தனி.
சுரபுன்னை: மரத்திலேயே முளைத்த நாற்றைக் கூர்முனை கீழாக, மூன்றில் ஒரு பங்கு சேற்றில் செருகினால் போதும். அவசரத்தில் தலைகீழாகச் செருகுவோரும் உண்டு, மொட்டு அழுகிப்போகும்.

சத்து
வெண்கண்டல்: இலையில் டானின் (துவர்ப்புப் பொருள்) குறைவு, நைட்ரஜன் அதிகம். விரைவில் மக்கி நண்டுக்கும் இறாலுக்கும் இரையாகும்.
சுரபுன்னை: டானின் மிகுதி, மெல்ல மக்கும். மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்குப் போதாத நைட்ரஜனைச் சுற்றியுள்ள நீரிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

மேட்டுப்பாங்கான பின்நிலம், விறகு வெட்டு உள்ள இடம்: வெண்கண்டல், வெட்டினாலும் துளிர்க்கும். அரிக்கும் ஓடைக்கரை: சுரபுன்னை. நீர் தேங்கி வற்றும் பள்ளத்தில் இரண்டும் சாகும். அங்கே முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விடுங்கள்.