பெரம்பூர் மாடியில் தயாராகும் டெம்பே

வியாசர்பாடியில் 11 வருஷமாக இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். புளிச்சது சரியா தப்பா என்று மூடியைத் திறந்ததும் மூக்கே சொல்லிவிடும். பெரம்பூரில் ஒரு வீட்டு மாடியில் டெம்பே, அதாவது சோயாவைப் பூஞ்சையால் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய பண்டம், செய்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு நேரே போனேன். 200 கிராம் பாக்கெட் 130 ரூபாய்.

இட்லி மாவை நாம் உறை போடாமலே புளிக்க விடுகிறோம். உளுந்திலும் அரிசியிலும் இருக்கிற பாக்டீரியாவே வேலையைப் பார்த்துக்கொள்கிறது. டெம்பேவுக்கு ரைசோபஸ் என்ற பூஞ்சையை அளந்து தூவ வேண்டும். தோல் நீக்கி வேகவைத்த சோயாவை ஈரம் போக உலர்த்தி, கொஞ்சம் வினிகரும் பூஞ்சை வித்தும் கலந்து, சின்னச் சின்ன ஓட்டை போட்ட பையில் அடைத்து 30, 32 டிகிரியில் வைக்கிறார்கள். ஒன்றரை நாளில் வெள்ளை நூல் படர்ந்து, பருப்பெல்லாம் ஒரே கட்டியாகிவிடுகிறது. ஜாவாக்காரர்கள் காலம்காலமாக இலையில் சுற்றிச் செய்தது. இங்கே புதுசு, அந்தப் பைகளை வைக்கிற விசிறி பூட்டிய அலமாரிதான். பாதி வழியில் பூஞ்சையே சூடு கிளப்பும். ஆற்றாவிட்டால் அந்தச் சூட்டிலேயே செத்துவிடும். சூடு ஏறினால் விசிறி தானாகச் சுற்றுகிறது. டெம்பே செய்கிற அண்ணன் அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். மே மாதத்தில் பொங்கி வழிந்து நான் கொட்டிய மாவு வாளிகள் எல்லாம் கண்ணில் வந்து நின்றன.

முதல் நாள் அப்படியே பொரித்தேன், லேசாகக் கசந்தது. மறுநாள் பத்து நிமிஷம் ஆவியில் வைத்து, மெல்லிசாக நறுக்கி, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, எலுமிச்சையில் ஊறவைத்து தோசைக்கல்லில் போட்டேன். ஓரமெல்லாம் மொறுமொறு, நடுவில் வேர்க்கடலை வாசம். மாமனார் சின்னப் பையனாக பர்மாவிலிருந்து வந்தவர். ஒரு துண்டு தின்றுவிட்டு, "அங்க சோயாவைப் புளிக்க வச்சு வறுத்துத் தருவாங்கம்மா, அந்த ருசி கொஞ்சம் இருக்கு" என்றார். மீதியை உதிர்த்து அத்தோவில் (பர்மா நூடுல்ஸ்) போட்டுக் கொடுத்தேன், தட்டு காலி.

குறையும் உண்டு. இரண்டாவது முறை வண்டியில் அனுப்பிய பாக்கெட்டில் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி. கறுப்புப் புள்ளி இருந்தால் பயமில்லை, அது பூஞ்சை முற்றியதன் அடையாளம். இந்த நெடி வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஐஸ் வைக்காமல் சென்னை வெயிலில் அனுப்பியிருக்கிறார்கள். போன் செய்ததும் வேறு கொடுத்தார்கள். ஆனால் எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்று பாக்கெட்டில் அச்சிட்டே ஆகணும்.

விலையும் அதிகம். 200 கிராமில் புரதம் 38 கிராம் கிட்டே. ஆறு முட்டையில் அது கிடைத்துவிடும், அதுவும் பாதி விலைக்குள். ஆனாலும் கோழித் தீவனத்துக்குப் போகிற சோயாவை நாமே நேராகத் தின்றால் நிலமும் தண்ணீரும் எவ்வளவு மிச்சம்! இங்கிலாந்தில் 1985 முதலே வேறொரு பூஞ்சையைப் பெரிய தொட்டியில் சர்க்கரைக் கரைசல் ஊற்றி வளர்த்து, இறைச்சிக்குப் பதிலாக விற்கிறார்கள். அதற்கு ஆலை வேண்டும். இதற்கு ஒரு மாடியும் ஒரு அலமாரியும் போதும்.

காராமணியில் செய்தால் விலை குறையுமா என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் ஒரு தட்டு போட்டுப் பார்க்கிறாராம். முதல் பாக்கெட் எனக்குத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.